ஸ்டூடியோவுக்கு எழுதிய மூன்றாவது கடிதம்

அப்பாவின் நெற்றியில் வேறு யாருடைய திருமண்ணோ இருந்தது.

ஸ்டூடியோவிலிருந்து வந்த படத்தைப் பிரவுன் தாளிலிருந்து பிரித்து முதலில் பார்த்தவர் பெரியப்பா. அப்பாவுக்கு ஒரே அண்ணா. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். படத்தைப் பார்த்தவர் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “அபசாரம், அபசாரம்” என்றார். நான் எடுத்து நிமிர்த்திப் பார்த்தேன். கன்னம் அப்பாவுடையது. காது அப்பாவுடையது. நெற்றிக்கு வந்தால் அப்பா இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வைஷ்ணவர்களில் இரண்டு கலை, நெற்றி நாமமும் இரண்டு விதம். எங்கள் வீட்டு ஆண்கள் இடுவது தென்கலைத் திருமண். அடியில் மூக்கின்மேல் பாதம் இறங்கியிருக்கும். படத்தில் வரைந்திருந்தது வடகலை. அதற்குப் பாதம் கிடையாது, அடியில் வளைந்திருக்கும். இரண்டும் ஒரே பெருமாளுக்குத்தான். ஆனாலும் ஆயுள் முழுக்க ஒன்றை இட்டுக்கொண்டு வாழ்ந்த மனிதருக்குச் செத்த பிறகு இன்னொன்றை இட்டுச் சுவரில் மாட்டினால், பார்க்கிறவர்களுக்கு அது யாரோ தூரத்து உறவுக்காரர் படம்.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள். “இது யாரு?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “அந்தப் பழைய போட்டோ எங்கே?” என்று கேட்டாள்.

பழைய போட்டோ வரவில்லை. பிரவுன் தாளை உதறிப் பார்த்தேன், வேறு எதுவும் இல்லை.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். போட்டோ என்றால் ஓடி ஒளிவார். கல்யாணத்திலும் எடுக்கவில்லை, போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொன்னதை இரண்டு வீட்டாரும் நம்பியிருக்கிறார்கள். ரிடையராகும்போது ஆபீஸ்காரர்கள் இழுத்து நிறுத்தி எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான் அவர் இந்த உலகத்தில் இருந்ததற்கு அடையாளம். அதற்கப்புறம் சில மாதம்தான் இருந்தார். ஐப்பசியில் போய்விட்டார். அடுத்த ஐப்பசியில் முதல் வருஷத் திதி, வருஷாப்திகம், வருவதற்குள் கூடத்தில் அவர் படத்தை மாட்ட வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். ஆடி மாதம் நான்தான் அந்தக் குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு, மெயின்கார்டு கேட் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அப்பாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கித் தரச் சொன்னேன்.

அந்தக் குரூப் போட்டோ வெயிலில், வேலை முடிகிற நேரத்தில் எடுத்தது. காலையில் இட்ட திருமண் அதற்குள் வியர்வையில் போயிருந்தது. “வெறும் நெத்தியோட மாட்டப்படாது. திருமண் வரையச் சொல்லு” என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே சொன்னேன். கடைக்காரரும் ரசீதில் ‘நெற்றியில் திருமண்’ என்று எழுதிக்கொண்டார். எந்தக் கலை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதே இல்லை. ஒருவர் தூரத்தில் வரும்போதே இன்னார் என்று தெரிந்துவிடும். சொல்ல என்ன இருக்கிறது? காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அது யாருக்கும் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கடைக்கு, படத்தில் பிரஷ்ஷால் திருத்தி வரையும் டச்சிங் வேலை செய்கிற ஆர்ட்டிஸ்ட் பாலக்கரைக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். சுவரில் தொங்கிய காலண்டர் ஒன்றைப் பார்த்து வரைந்துவிட்டார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

பெரிய படத்தை ஆவணி முடிவில் கடைப் பையன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். குரூப் போட்டோவைப் பற்றிக் கேட்டதற்கு, “அது அப்புறம் வரும்” என்றானாம்.

முதல் கடிதத்தைப் பெரியப்பா எழுதினார். ஃபுல்ஸ்கேப் தாளில் நாலு பக்கம். உச்சியில் ‘ஸ்ரீ:’ போட்டு, ‘க்ஷேமம், க்ஷேமத்திற்கு எழுதவும்’ என்று ஆரம்பித்து, பரம்பரை, சம்பிரதாயம், ஆசாரியர்களின் பெருமை, இரண்டு கலைக்கும் உள்ள பேதம், அதைக் கலப்பதனால் விளையும் தோஷம் என்று வரிசையாகப் போனது. சமஸ்கிருதம் வந்த இடங்களில் கிரந்த எழுத்து. கடைசியில், ‘தாங்கள் இதனை நன்கு ஆலோசிக்க வேண்டியது’ என்று முடித்திருந்தார். ஒரு உபன்யாசத்துக்குத் தாராளமாகப் போதும். தபாலில் போட்டுவிட்டு தினமும் வாசலில் போஸ்ட்மேனுக்காகக் காத்திருந்தார்.

பதில் வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்து நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், அம்மா கேட்பாள்: “போட்டோ வந்துதா?” பெரிய படத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. அது மேஜைமேல் கவிழ்ந்தே கிடந்தது.

ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி விட்டுக்கொண்டு எதையோ கத்தரித்துக் கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

“நாலு பக்கமா? மேல ஸ்ரீ போட்டு?” என்றார். “அது எங்களுக்கா? ஏதோ கோயில் கைங்கரியத்துக்கு டொனேஷன் கேட்டு எழுதியிருக்காங்கன்னுல்ல எடுத்து வச்சிட்டேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இயல்பிலேயே எனக்குக் கோபம் ஜாஸ்தி. ‘இவளுக்கு நாக்கில்தான் சனி’ என்று உறவில் எனக்குப் பெயர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நெத்தியில திருமண் வரையச் சொன்னீங்க. வரைஞ்சு குடுத்தாச்சு. அதுல எத்தனை வகை இருக்குன்னு எங்களுக்கு என்னம்மா தெரியும்?”

“சரி, குரூப் போட்டோவையாவது குடுங்க.”

“தேடிப் பாக்கணும். அப்புறமா வாங்க.”

அன்றிரவே இரண்டாவது கடிதத்தை நான் எழுதினேன். இரண்டு பக்கம். அவர் தொழிலைக் கேள்வி கேட்டேன், கண்ணைக் கேள்வி கேட்டேன், அவர் வீட்டுப் பெரியவருக்கு இப்படி நேர்ந்தால் சும்மா இருப்பாரா என்று கேட்டேன். இறந்தவர் முகத்தில் கை வைக்க உமக்கு யார் உரிமை தந்தது என்று ஒரு வரி. இன்று படித்தாலும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன். எல்லாம் நல்ல வசனம்தான். பலன் மட்டும் நேர் எதிராக இருந்தது.

அடுத்த தடவை போனபோது அந்தக் கடிதம் கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கும்படி வைத்திருந்தார். என் கையெழுத்து வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. முகமெல்லாம் கொதித்தது.

“வாங்கம்மா” என்றார் கடைக்காரர். “முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். கண்ணு தெரியாதவன்னு எவனும் எழுதினதில்ல.”

“குரூப் போட்டோவைக் குடுங்க. நான் போயிடறேன்.”

“அது இல்லம்மா. வெள்ளத்துல போச்சு.”

ஊரில் அப்போது இது ஒரு வழக்கம். அப்பா போன சில நாளில்தான் பெரிய வெள்ளம் வந்து திருச்சியே தண்ணீரில் நின்றது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்குத் தையல்காரரிலிருந்து பைண்டிங் கடைக்காரர் வரை, எது தொலைந்தாலும் வெள்ளத்தின் தலையில் போட்டுவிடுவார்கள். கேட்கிறவனும் தலையாட்டிவிட்டுப் போவான்.

“வெள்ளம் வந்தது போன ஐப்பசி. நான் குடுத்தது இந்த ஆடி” என்றேன்.

அவர் கொஞ்சம் தடுமாறினார். உடனே சமாளித்துக்கொண்டார். “அப்ப உள்ளதான் எங்கயாவது கிடக்கும். ஆயுத பூஜைக்குக் கடைய ஒழிப்போம்ல, அப்பக் கண்ணுல பட்டா எடுத்து வைக்கிறேன்.”

கறுப்புத் திரை பாதி விலகியிருந்தது. உள்ளே அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக, யார் யாருடையதோ படங்கள் வாய் வரை நிரம்பிக் கிடந்தன. கல்யாண ஜோடிகள், மொட்டையடித்த குழந்தைகள், கழுத்தில் மாலையோடு ரிடையரான மனிதர்கள். ஆயுத பூஜைக்குக் கடையை ஒழித்தால் இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். யாரும் வந்து கேட்காததைக் கட்டி எடைக்குப் போட்டுவிடுவோம் என்றார். புரட்டாசி பிறந்தாயிற்று. சரஸ்வதி பூஜைக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாமல் அழுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது எனக்கு இல்லை. வீட்டில் அம்மா, “வந்துதா?” என்றாள். “தேடிண்டிருக்கா” என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது நான் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பொதுஜனங்கள் எழுதும் புகார்களைப் பிரித்து, பதிவு போட்டு, இன்னாருக்கு என்று எழுதி அனுப்புவது என் வேலை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடப் பிடிக்காமல், பையிலிருந்த என் கடிதத்தின் கார்பன் காப்பியை எடுத்தேன். எதை எழுதினாலும் காப்பி வைத்துக்கொள்வது ஆபீஸ் பழக்கம். மேஜைமேல் அன்றைய தபால் குவிந்திருந்தது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அது இன்னொரு தபாலாகத் தெரிந்தது.

அப்படியே படித்தேன். யாரோ ஒரு அம்மாள் எழுதியிருக்கிறாள். நியாயமான கோபம். பாவம், அப்பா இறந்திருக்கிறார். எல்லாம் சரி, இவளுக்கு என்ன செய்து தர வேண்டும்?

இரண்டு பக்கத்திலும் அது இல்லை. போட்டோவைத் திருப்பிக் கொடு என்றுகூட நான் எழுதவில்லை. பெரியப்பாவின் நாலு பக்கத்திலும் அது கிடையாது. அவர் சம்பிரதாயத்துக்காகச் சண்டை போட்டார், நான் மானத்துக்காகச் சண்டை போட்டேன். இந்த மாதிரி கடிதம் என் மேஜைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடியில் வைப்பேன். கெட்ட எண்ணத்தால் இல்லை. படித்து முடித்ததும் யாரை எங்கே அனுப்புவது என்று புரியாது, அதனால்தான். அதே குவியலில், ‘வீட்டு வாசலில் மேற்கு ஓரக் குழாய் உடைந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற வேண்டும், நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்’ என்று கால் பக்கம் எழுதியவனுக்கு அன்றைக்கே ஆள் போகும்.

டப்பாவை மூடிவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தேன். எப்போது கொடுத்தோம், என்ன கொடுத்தோம், என்ன வந்தது என்று எழுதினேன். மளமளவென்று வந்தது. ‘நாங்கள் கேட்பது’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

குரூப் போட்டோ வேண்டும், சரி. பெரிய படத்துக்கு? சரியான திருமண்ணாக வரையச் சொல்வதா? அதைத்தான் பெரியப்பா கேட்பார். ஆனால் இந்தப் படம் யாருக்கு? அப்போதுதான் உறைத்தது. திருமண் வரை என்றவர் பெரியப்பா, கொண்டுபோய்க் கொடுத்தவள் நான், சண்டை போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

“அம்மா, ஸ்டூடியோவுக்கு இன்னொரு லெட்டர் எழுதறேன். உனக்கு என்ன வேணும்னு சொல்லு.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “என்னையா கேக்கறே?”

“உன்னைத்தான்.”

முறத்தைத் தட்டினாள். ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். “அந்தப் பழைய போட்டோ வேணும். பின்னாடி காபிக் கறை இருக்கும், பாத்துக்கோ. அவர் கொண்டுவந்த அன்னிக்கு மேஜைமேல கவுத்து வச்சுட்டார். நான் கவனிக்காம டம்ளரை அதுமேலயே வச்சுட்டேன்.”

“பெரிய படம்?”

“நெத்தியில வரைஞ்சிருக்கான் பாரு, அது வேண்டாம்.”

“சரி, நம்மாத்துத் திருமண்ணா வரையச் சொல்லட்டுமா?”

“ஒண்ணும் வரைய வேண்டாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பெரியப்பா என்ன சொல்லுவார்?”

“நீ கேட்டே, நான் சொன்னேன். எழுது” என்றாள் அம்மா. மறுபடி அரிசியில் குனிந்துகொண்டாள்.

எழுதினேன். அரைப் பக்கம்தான்.

‘ஐயா, ஆடி மாதம் உங்கள் கடையில் ஒரு குரூப் போட்டோ கொடுத்தோம். அதில் இரண்டாம் வரிசையில் இடது ஓரத்திலிருந்து மூன்றாவதாக நிற்பவரைப் பெரிதாக்கச் சொன்னோம். நெற்றியில் திருமண் வரையச் சொன்னதும் நாங்கள்தான். எந்த மாதிரி என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். வரைந்து வந்திருப்பது எங்கள் வழக்கத்தில் இல்லாதது. நாங்கள் கேட்பது இரண்டு. கொடுத்த குரூப் போட்டோ திரும்ப வேண்டும். இவருக்கு வேறு படம் கிடையாது. அட்டையின் பின்பக்கத்தில் காபி டம்ளர் வைத்த வட்டக் கறை இருக்கும், அதைக் கொண்டு அடையாளம் காணலாம். அடுத்தது, நெற்றியில் எதுவும் வரையாத பெரிய படம் வேண்டும். ஆயுத பூஜைக்குக் கடையை ஒழிப்பதற்கு முன்னால் இரண்டும் வேண்டும். பணம் திருப்பித் தர வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் நானே வருகிறேன்.’

சண்டை வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் எழுதுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ‘உங்கள் கண்’ என்று இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் தாளை மாற்றினேன்.

தபாலில் போடவில்லை. சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். கடை வாசலில் அட்டைப்பெட்டிகள் இரண்டு சணல் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒழிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளே ஒரு கல்யாண ஜோடியை உட்கார வைத்து விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார் கடைக்காரர். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“இன்னிக்கு நேரமில்லம்மா. பூஜை கழிச்சு வாங்க.”

“நான் நிக்கிறேன். நீங்க வேலையை முடிங்க.”

நின்றேன். வந்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு தடவையும், கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதத்தை ஒரு தடவையும் பார்த்தார்கள். எதுவும் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாசலில் பழைய பேப்பர்க்காரரின் தள்ளுவண்டி வந்து நின்றது. கடைப் பையன் கட்டியிருந்த பெட்டியில் ஒன்றைத் தூக்கப் போனான்.

“அதைத் தொடாதே!” என்று கத்திவிட்டேன். கல்யாணப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். கடைக்காரர் விளக்கை விட்டுவிட்டுக் கோபத்தோடு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கடிதத்தை நீட்டினேன்.

“இதைப் படிச்சுட்டு என்ன வேணாலும் சொல்லுங்க. அரைப் பக்கம்தான்.”

அரைப் பக்கம் என்றதால்தானோ என்னவோ, படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தார். தள்ளுவண்டிக்காரர் வாசலில் மணியை அடித்தார்.

“எதுவுமே வரைய வேண்டாமா?” என்றார்.

“வேண்டாம்.”

“நிஜமாவா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.” கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க வந்து சொன்னப்புறம் அந்த நாலு பக்கத்தை ஒரு அய்யர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அதைக் கேட்டதும் எங்க ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷை வச்சிட்டாரு. சாமி சமாச்சாரம், மறுபடி தப்பாப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது, நான் தொட மாட்டேன்னுட்டாரு. அதுக்கப்புறம் உங்க லெட்டர் வேற. எதைச் செஞ்சாலும் வம்புன்னு அப்படியே விட்டுட்டேன். வரையறதுதாம்மா பயம். வரைய வேண்டாம்னா உங்க போட்டோவைப் பெருசாக்க நாங்க எடுத்த நெகட்டிவ்ல இருந்து புதுசா பிரிண்ட் போட்டா ஆச்சு.”

“குரூப் போட்டோ?”

அவர் பையனைப் பார்த்தார். “பின்னாடி காபிக் கறைடா. வட்டமா இருக்குமாம். முகத்தைப் பாக்காத, பின்பக்கத்தைப் பாரு.”

பையன் முதல் பெட்டியை அவிழ்த்துக் கவிழ்த்தான். எல்லாம் ஒரே பிரவுன் அட்டை. ஒவ்வொன்றாகத் திருப்பினான். நானும் தரையில் உட்கார்ந்து திருப்பினேன். முதல் பெட்டியில் இல்லை. தள்ளுவண்டிக்காரர், “நேரமாவுதுங்க” என்றார். இரண்டாவது பெட்டியில் பாதி போன பிறகு பையன் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினான். நடுவில் பழுப்பாக ஒரு வளையம். வாங்கித் திருப்பினேன். இரண்டாம் வரிசையில் அப்பா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கடையின் தரையில் உட்கார்ந்தபடி வாய்விட்டு அழுதேன். கடைக்காரர் கவுன்டர் கண்ணாடியைத் தூக்கி, என் பழைய கடிதத்தை எடுத்து, மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

புதுப் படம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. சாயங்காலம் பெரியப்பா வந்தார். நான் படத்தை மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தேன். பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

“திருமண் எங்கேடி?”

அவர் குரல் ஏறியது. “நல்ல நாள் பெரிய நாள்ல நாலு பேர் வரப்போற கூடம். ஒரு ஸ்ரீவைஷ்ணவனை வெறும் நெத்தியோட மாட்டறதா? யார் சொல்லி இப்படிப் பண்ணினே?”

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசியதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வழக்கம் அது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். அவரும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அன்றைக்கு அம்மா கதவைத் தாண்டி வந்தாள். கூடத்தின் நடுவில், அவர் எதிரில் வந்து நின்றாள்.

“நான்தான் சொன்னேன்” என்றாள். “வெறும் நெத்தி என்னோடது. இது அவர் ஆபீஸ்லேர்ந்து ஆத்துக்கு வர நெத்தி.”

அம்மா படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். நெற்றி நடுவில், மூக்கின் மேல்வரை, லேசாக வெளிறிய ஒரு தடம் இருந்தது. காலையில் இட்டது, ஒர்க்ஷாப் புழுதியிலும் வியர்வையிலும் உதிர்ந்து, மிச்சமாக நின்றது. சின்னப் படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

“காலம்பற திருமண்ணோட போறதை ஊரே பாத்துது. சாயங்காலம் இப்படி வந்து நிக்கறதை நான்தானே பாத்தேன்” என்றாள்.

பெரியப்பா கிட்டே வந்து குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஆணி இருக்கோ?” என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

கூடத்தில் வாசலைப் பார்த்த சுவரில்தான் மாட்டுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடம் அது. அம்மா அங்கே வேண்டாம் என்றாள். அடுப்புக்கு முன்னால் நின்று திரும்பினால் தெரிகிற சுவரைக் காட்டினாள். பெரியப்பாதான் ஆணி அடித்தார். அம்மா உள்ளே போய் அடுப்படியில் நின்று, திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னாள். அப்புறம் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.